காலிப் பெட்டியிடம் தோற்றவர்

வட சுமத்ரா ஆளுநர் தேர்தலில் ரத்னசாமியை எதிர்த்து நின்றது ஒரு காலிப் பெட்டி.

வேட்பாளர் ஒருவர்தான் என்றால், வாக்குச்சீட்டில் அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். அவரைப் பிடிக்காதவர்கள் அதில் ஆணியால் குத்தலாம். இந்தோனேசியாவில் அது பழைய வழக்கம். அந்தக் கட்டத்தைக் காலிப் பெட்டி என்பார்கள். புதிய சட்டம் பெட்டிக்கு வாயும் கொடுத்துவிட்டது. காப்பிக் கடை மேசைகளில் எல்லாம் சர்க்கரை டப்பா அளவில் குறைதிரட்டி என்றொரு கருவி. ஜனங்களின் புலம்பலைச் சேர்த்துப் பெட்டியின் பேச்சாக்கும். வென்றால் பெட்டியே ஆளும். அதன் ஆணையை அதிகாரிகள் அன்றைக்கே நிறைவேற்ற வேண்டும்.

"பெட்டிகூடப் போட்டி. இதுக்குப் புது பாத்திக் சட்டை வேற" என்றாள் மனைவி கனகா.

"சிரிக்காத. நம்ம மேடான் ஊர்த் தமிழன் ஒருத்தன் அந்த நாற்காலியில உக்காரணும். என் உசுரே அதுலதான் இருக்கு."

காப்பிக் கடையில் எல்லாக் கட்சிகளையும் ஒரே அளவில் திட்டியவர் அவர். அதனால் எந்தக் கட்சிக்கும் அவர்மேல் பொறாமை இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவரையே நிறுத்தினார்கள்.

விவாத மேடையில் முதல் கேள்வி சாலை பற்றி. பெட்டி தொண்டையைச் செருமியது.

"ரோடு போட்டாச்சுன்னு சொல்றாங்க. உண்மைதான். நேத்து மழை வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

அரங்கம் அதிர்ந்தது. ரத்னசாமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையிலிருந்து கனகா கையை ஆட்டினாள்.

"என்னங்க, அது நீங்க சொன்னதுங்க!"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டி பேசியது இந்தோனேசிய மொழி. இழுப்பு அவருடையது. செருமல்கூட அவருடையது.

இடைவேளையில், பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் இந்தானைப் பிடித்தார்.

"மாநிலம் பூரா புலம்பியிருக்கும். என் பேச்சு மட்டும் எப்படிம்மா வருது?"

"மத்தவங்க 'ஆமா, ஆமா'ன்னு தலையாட்டினாங்க, பாக் ரத்னா. முழுசாப் பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். அந்த ஊரில் 'பாக்' என்றால் ஐயா.

மீண்டும் மேடையேறினார். மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தார். பெட்டி மின்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தனையும் நியாயம். விட்டுப்போன இரண்டை அவரே எடுத்துக்கொடுத்தார். கைதட்டல் ஓயவில்லை.

பெட்டி அமோகமாக வென்றது.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க எதுல குத்தினீங்க?" என்றாள் கனகா.

அவர் மை பட்ட விரலைப் பார்த்தார். "வெத்துக் கட்டத்துல. நான் சொன்னதை நானே எப்படித் தோக்கடிக்கிறது? நீ?"

"உங்களுக்குத்தான். பகல்லயாவது ஆபீசுக்குப் போவீங்கன்னு பார்த்தேன்."

பெட்டி நன்றாகவே ஆண்டது. சாலைகள் மழைக்குத் தாங்கின. விளக்குகள் அணையவில்லை. காப்பிக் கடைகளில் ஜனங்கள் பந்தாட்டத்தைப் பற்றியும் சம்பந்தம் பேசுவதைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். குறைதிரட்டிகளுக்குத் தீனி நின்றது. பெட்டி ஆளுநர் வாயடைத்துப்போனார். கோப்புகள் குவிந்தன.

இந்தான் வியர்க்க விறுவிறுக்க வந்தாள். "பாக் ரத்னா, வந்து எதையாவது திட்டுங்க. நீங்க திட்டினாத்தான் அரசாங்கம் நகரும்."

அப்படித்தான் ரத்னசாமி ஆளுநர் மாளிகைக்குப் போனார். பெட்டிக்கு எதிரே ஆளுநர் நாற்காலி சும்மா கிடந்தது. உட்காரச் சொன்னார்கள். மெத்தை இதமாக இருந்தது. காற்று குளுகுளுவென்று வந்தது. காப்பி சரியான சூடு. காலை முழுக்க யோசித்தும் திட்ட ஒரு வார்த்தை வரவில்லை.

மதியச் சாப்பாட்டோடு கனகா வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "ஆத்தாடி! கவர்னர் நாற்காலியிலயேவா? ஆசை தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு கனகா" என்று பெருமூச்சு விட்டார். "அதான் கஷ்டமா இருக்கு. இதுல உக்காந்தா எனக்குக் குறையே தெரியல."

குறை கிடைத்துவிட்டது என்று பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நெடுநாளைக்குப் பிறகு ஆளுநர் செருமினார். வெளியே அதிகாரிகள் ஆரவாரம் செய்தார்கள்.

ரத்னசாமி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு ஊழியர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

"ஏய், நில்லுங்கடா! இதெல்லாம் ஒரு ஆட்சியா?" என்று ரத்னசாமி கத்தினார்.

பச்சை விளக்கு மறுபடியும் எரிந்தது.