ஈரக் கயிறு

அம்பிட்டிய ஏற்றத்தில் த்ரீவீல் இரைந்துகொண்டே ஏறி ஒரு பழைய வீட்டின் முன் நின்றது. மழை விடவில்லை. பாசி பிடித்த மதில், ஓட்டுக் கூரை, விறாந்தையில் இரண்டு பிரம்புக் கதிரைகள். வாசல் படலையில் 'அறை வாடகைக்கு' என்று எழுதிய தகரத்தில் பாதி எழுத்து துருவில் போயிருந்தது.

காளிமுத்து இறங்கவில்லை. காலடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாயைத் துண்டால் போர்த்தினார்.

"இங்கயாவது விடுவாங்களா, தம்பி?"

"கேட்டுப் பாப்பம் ஐயா" என்றான் ஓட்டிவந்த நளீர். "நீங்க தனியா வந்திருந்தா இதுக்குள்ள மூணு எடத்துல நித்திரை கொண்டு எழும்பியிருப்பீங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. கண்டி டவுனில் ஒரு லாட்ஜ்காரர் நாய் சூட்டியைப் பார்த்ததுமே சாவியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். கோயில் மடத்தில் வாசலிலேயே தடுத்தார்கள். நளீரே தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்து, பிறகு தலையைச் சொறிந்தான். "உம்மா தொழுற வீடு ஐயா. நாய உள்ளுக்கு எடுக்க ஏலா. நீங்க மட்டுமெண்டா வாங்க."

காளிமுத்து மட்டும் போவதாக இல்லை. நாளைக் காலை குண்டசாலையில் ஒரு பூக்கன்றுத் தோட்டத்தில் காவல் வேலை. இருக்க ஒரு குடிசை, நாய்க்கும் இடம். இனி சூட்டியை விட்டுப் பிரிவதில்லை, அதன் கழுத்தில் கயிறு போடுவதில்லை என்று நல்லம்மாவைப் புதைத்த இடத்தில் நின்று சொல்லியிருந்தார்.

நல்லம்மா அவர் மனைவி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். போன மாரியில், விளக்கு வைக்கிற நேரம், லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று எல்லோரையும் லொறியில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவேண்டும், நாய் நரியை ஏற்ற முடியாது என்றான் லொறிக்காரன். நல்லம்மா கெஞ்சினாள். காளிமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. அவளுடைய கூடைக் கயிற்றை எடுத்து சூட்டியைத் தூணில் கட்டினார். "ஒரு ராத்திரிதானே. காலையில வந்து அவுத்துக்கலாம்" என்றார்.

அவர் காலமெல்லாம் ஃபெக்டரியில் தேயிலை மூட்டை கட்டியவர். கொழும்பு போய்ச் சேரும்வரை அவிழாத முடிச்சு அது. நனைந்தால் இன்னும் இறுகும். நல்லம்மாவின் முடிச்சு வேறு. கூடை நிறைந்ததும் ஒரே இழுப்பில் அவிழும். அன்றைக்கு அவர் அவளுடைய முடிச்சைப் போட்டிருந்தால் போதும்.

கீழ்வளைவில் லொறி ஆளேற்ற நின்றபோது அவள் குதித்துவிட்டாள். "அவுத்து விட்டுட்டு வந்துர்றேங்க" என்றாள். நாய் ஓடி வந்தது. பின்னாலேயே மலையும் வந்தது.

தோண்டி எடுத்தபோது கயிறு அவள் கைக்குள் இருந்தது. வலது கை நகங்கள் பிய்ந்து, விரல் நுனியெல்லாம் தென்னந்தும்பு. அந்தக் கயிற்றை அவர் எரிக்கவுமில்லை, எறியவுமில்லை. கழுவிக் காயவைத்து, இந்தப் பயணப் பைக்குள்ளும் வைத்திருந்தார்.

வீட்டுக்கார அம்மா அன்னலட்சுமி குடையோடு படலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"நாயோ? வரட்டும், எனக்கும் முந்தி ஒண்டு இருந்தது. ஆனா உள்ளுக்கு விடேலாது. சாமி அறை பக்கத்திலை. விறாந்தையிலை கட்டி விடுங்கோ."

"கட்டணுமாம்மா? சும்மாவே படுத்துக்கும்."

"பின்னுக்குக் கோழி அடைச்சு வச்சிருக்கிறன். கட்டினாத்தான் சரி. இல்லாட்டி வேற இடம் பாருங்கோ."

நளீர் வானத்தைப் பார்த்தான். காளிமுத்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மழைக்குள் இன்னும் எத்தனை படலை?

"நான் காலைல வாறன் ஐயா" என்றான் நளீர். த்ரீவீல் ஏற்றத்தில் இறங்கிப் போனது.

பைக்குள் வேறு கயிறில்லை. அந்தக் கயிற்றைத்தான் எடுத்தார். நல்லம்மாவின் முடிச்சை நினைத்து நினைத்துப் போட்டுப் பார்த்தார். விரல்கள் தம் பாட்டுக்குச் சுற்றி, மடித்து, இழுத்தன. விறாந்தைத் தூணில் விழுந்தது மூட்டை முடிச்சு.

சூட்டி அவரை நிமிர்ந்து பார்த்தது.

"ஒரு ராத்திரிதானே" என்றார்.

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது.

அறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, மலைப்பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். அன்னலட்சுமி தேத்தண்ணி வைத்துவிட்டு, சாமி அறையில் மணி அடித்தார். அப்போதே கரண்ட் போனது. வெளியே மங்கல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஈர உடுப்போடு சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார்.

விழித்தது வாசனையில்.

மண் வாசனை. மழை நனைத்த மேல்மண்ணின் வாசனையல்ல. ஆழத்திலிருந்து புரட்டி எடுத்த சிவப்பு மண், அதோடு கசங்கிய பச்சைக் கொழுந்து. அவர் அந்த வாசனைக்குள் தன் கையால் தோண்டியிருக்கிறார்.

விறாந்தையில் சூட்டி மெல்ல முனகியது. அழைக்கிற முனகல்.

"இந்தா வர்றேன்டா." எழும்பப் பார்த்தார்.

இடது கை வரவில்லை.

மற்றக் கையால் தடவினார். மணிக்கட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனை கட்டில் காலில். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

முடிச்சைத் தொட்டார். தொட்டதுமே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் போட்ட முடிச்சு.

இழுத்தார். இறுகியது.

மலைப்பக்கம், ஜன்னலுக்கு அப்பால், கல்லொன்று உருண்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. நகத்தை முடிச்சுக்குள் நுழைத்து நெம்பினார். நழுவியது. மறுபடி நெம்பினார். ஒரு நகம் மடிந்து பிய்ந்தது.

இவ்வளவு நேரமா அவள் நின்றாள்?

இப்படியா, குனிந்து, இருட்டுக்குள், மேலே கல் உருள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே?

கட்டில் ஓரம் தாழ்ந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

காதோரம் ஈர மூச்சு. அதட்டலில்லை, அழுகையில்லை. சமையலுக்கு நடுவே சொல்வது போன்ற குரல்.

"மெதுவா அவுருங்க. ஈரக் கயிறு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு முகமில்லை. "நல்லம்மா..." என்றார். "லொறிக்காரன்தான் புள்ள... அவன்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கட்டில் ஓரம் தாழ்ந்தபடியே இருந்தது. அவர் நெம்பிக்கொண்டே இருந்தார், அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தபோது விரல்களில் உணர்வே இல்லை.

விறாந்தைக்கு விழுந்தடித்து ஓடினார். தூணில் கயிறு இல்லை. சூட்டி கழுத்து வெறுமையாக, கதிரைக்கடியில் சுருண்டு கிடந்தது. அத்தனை சாரலிலும் அதன் உடம்பு காய்ந்திருந்தது. விடியும்வரை காளிமுத்து அதன் பக்கத்திலேயே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் திரும்பிப் போகவில்லை.

காலையில் அன்னலட்சுமி தேத்தண்ணியோடு வந்து அறைக்குள் எட்டிப்பார்த்தார்.

"என்ன இது, கட்டில் முழுக்கச் சிவப்பு மண்? எங்கை புரண்டனீங்கள்? இந்தப் பக்கம் இப்பிடி மண்ணே இல்லையே!" பிறகு அவருடைய விரல்களைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ஐயோ, கையிலை என்ன?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சும்மா."

"உந்தக் கயித்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ. சொட்டுது."

அலுமாரிப் பிடியில் கயிறு அழகாகச் சுற்றி மாட்டியிருந்தது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு. அவர் அதைத் தொடவில்லை. பையைக்கூட எடுக்க மறந்து, நாயைத் தூக்கிக்கொண்டு படலைக்கு நடந்தார்.

நளீர் வந்திருந்தான். "எப்பிடி ஐயா, நல்ல நித்திரையா?" என்று சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மழை விட்டிருந்தது. பின் சீட்டில் காளிமுத்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். சூட்டி அவர் பக்கம் சாயவில்லை. சீட்டின் மறுபக்கம் நகர்ந்து, வெறும் இடத்தில் தலையைச் சாய்த்து, வாலை மெல்ல அடித்தது. அதன் காதுகள் பின்னால் படிந்தன. காதிலிருந்து கழுத்துவரை மயிர் அழுந்திப் படிந்தது. மெதுவாக எழும்பியது. மறுபடி படிந்தது.

நல்லம்மா அப்படித்தான் தடவுவாள்.

கண்கள் நிறைந்துவிட்டன. பயம் போனது போலக்கூட இருந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை வராத மனிதர், தானும் அந்த நாயைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டி, அதன் கழுத்தில் வைத்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சில்லிட்டு, ஈரமாக, விரல் நுனிகளில் நகமில்லாமல்.

அந்தக் கை விலகிக்கொண்டது.