செம்பு வயர்

திருமூர்த்தி காலைக் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இது காபியா, கழனித்தண்ணியா? மாட்டுக்கு ஊத்து."

காபி இன்று பிரமாதம் என்பதுபோல ஏதாவதுதான் மனைவி கோகிலவாணிக்குக் கேட்டிருக்கும். அவளும் பாத்திரம் தேய்த்தபடி ஏதோ சொன்னாள். "கொஞ்சம் அசதியா இருக்குதுங்க, வேறொண்ணுமில்ல" என்று அவர் காதில் விழுந்தது. "அதெல்லாம் சரியாப் போயிரும்" என்று எழுந்துகொண்டார்.

பதச்செவி வந்தபிறகு கோயமுத்தூரில் வாய்ச்சண்டை என்பதே இல்லை. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதித்திருக்கும் அந்தக் கருவி, தெருமுனைக் கோபுரத்தோடு ஓயாமல் அலைவழியே பேசிக்கொண்டிருக்கும். கடுமையான சொல் எது வந்தாலும், பேசியவர் குரலிலேயே பதமாக்கித்தான் உள்ளே விடும். நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும் என்பார்கள். இப்போது நாற்பதும் பேசியது. திட்டினாலும் வாழ்த்தாகத்தான் போய்ச் சேரும் என்றால் எவன்தான் வாயைக் கட்டுவான்? ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசுகிறவர் வாயைப் பார்ப்பது அநாகரிகம். உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் போவதைப் பார்த்தால் குமட்டும். அதனால் எல்லாரும் சுவரையோ வாசலையோ பார்த்தபடி குடும்பம் நடத்தினார்கள்.

திருமூர்த்தி அன்று கிளம்பியது உக்கடத்துக்கு, ஹசீனாவின் பழைய உதிரிபாகக் கடைக்கு. ஞாயிற்றுக்கிழமை பழங்கார் அணிவகுப்பு; அசல் பாகம் மாறாத வண்டிக்குப் பரிசுக்கோப்பை. அவருடைய அம்பாசிடரில் எல்லாம் சரி, இஞ்சினுக்குப் பொறி கொண்டுபோகும் பிளக் வயர்கள் மட்டும் வெடித்துப்போய்விட்டன. ஹசீனா இரண்டு செட் வயர்களை மேசைமேல் போட்டாள்.

"இது கார்பன் நூல் வெச்சது. சட்டப்படி இதான் போடணும். அது செம்புக் கம்பி. வண்டி புதுசா வந்தப்ப அதான் இருந்துச்சு."

"நடுவருங்க வயரக்கூடவா பாப்பாங்க?"

"வயர் மேல இருக்கற எழுத்தக்கூடப் படிப்பாங்கண்ணா. ஆனா செம்பு போட்டா, பொறி தாவறப்ப அலைச்சத்தம் கிளம்பும். கோபுரத்துல இருந்து வர்றது அறுந்துரும். இஞ்சின் ஓடற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு வெறுஞ்செவிதான். கார்பன் அந்தச் சத்தத்த முழுங்கிக்கும்."

"ஷெட்டுல நான் ஒருத்தன்தானே இருக்கறேன். என்னைய நானேவா வையப் போறேன்?" என்று சிரித்துச் செம்பையே எடுத்துக்கொண்டார். பரிசுக்கோப்பை அப்போதே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

வீட்டு ஷெட்டில் பழைய வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் மூடியிலிருந்து பிளக்குக்கு மாட்டினார். பெட்ரோல் இப்போது எங்கும் விற்பதில்லை; அணிவகுப்புக்கென்று அரசு கொடுத்த ஒரே கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சாவியைத் திருகினார். இஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் மெலிதாக ஏதோ அறுந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த திருமூர்த்திக்கு வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"வந்துட்டயா சனியனே! மனுசன நிம்மதியா இருக்க உடமாட்டயா?"

செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஆமாங்க, சனியன்தான்." கோகிலவாணியின் குரல் நடுங்கியது. "சீக்கிரம் தொலஞ்சுருவேன், கவலப்படாதீங்க. மார்ல கட்டி கல்லாட்டம் ஆயிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மாசக்கணக்காக் கெஞ்சறேன். சரியாப் போயிரும், சரியாப் போயிரும்ங்கறீங்க. நாந் தனியாப் போனா அந்த டாக்டரம்மாவும் சிரிச்சுட்டே சத்து மாத்திரை குடுக்குது. உங்க யாருக்குமே ஈரமில்லையா?"

ஸ்பானர் கைநழுவி விழுந்தது. சரியாகத்தான் கேட்டோமா என்று இஞ்சினைச் சட்டென்று அணைத்தார்.

"கொஞ்சம் அசதியா இருக்குதுங்க" என்றது அவள் குரல், சிரித்த மாதிரி. "வேறொண்ணுமில்ல."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் திருமூர்த்தி மனைவியின் வாயைப் பார்த்தார். காதில் குரல் நின்றுவிட்டது, உதடுகள் நிற்கவில்லை. கோணிக்கொண்டு, துடித்துக்கொண்டு இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பதச்செவி வசவை மட்டும் மாற்றவில்லை. வலியையும் கடுஞ்சொல்லாக எண்ணி இத்தனை நாளும் அழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாய்ந்துபோய் மறுபடி சாவியைத் திருகினார்.

"கேக்கல கோகிலா! சாமி சத்தியமா எனக்குக் கேக்கவே இல்ல!" என்று கத்தினார். "அசதின்னுதான் கேட்டுச்சு. ஏறு வண்டில."

கேனை டேங்கில் கவிழ்த்தார்.

"ஞாயித்துக்கெழமைக்கு?" என்றாள் அவள்.

"அது கெடக்குது கழுத. ஏறு."

அம்பாசிடர் போன வழியெல்லாம் பேச்சு நின்றது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் வெறித்தார்கள். திருமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இஞ்சினை அணைக்காமலே ஹாரனை அழுத்தினார். டாக்டரம்மா வெளியே ஓடிவந்தாள்.

"இங்கயே, வண்டிப் பக்கத்துல நின்னு கேளுங்க. தள்ளிப் போயிராதீங்க. சொல்லு கோகிலா."

கோகிலவாணி சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, லேசா பாரமா இருக்குன்னுதானே அன்னிக்குச் சொன்னீங்க?" என்று தடுமாறினாள். கோகிலவாணியைக் கைத்தாங்கலாக இறக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

அமைதிக்குப் பேர்போன ஆஸ்பத்திரி அது. அதன் ஜன்னலோரப் படுக்கைகளிலிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு இன்னொன்று. யாரோ தண்ணீர் கேட்டார்கள். "தாங்க முடியலையே, யாராவது வாங்களேன்" என்று ஒரு கிழவர் அலறினார். அந்தக் குரல் கம்மிப்போய், வெகுநாளாக அலறிக் களைத்த குரலாக இருந்தது.

டாக்டரம்மா திருமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அணைச்சிராதீங்க" என்றாள். "இன்னும் எவ்வளவு பெட்ரோல் இருக்கு?"