‘கிட்’ என்று ஒரு கட்டளை இல்லை

“அத்தை, உடனே வாங்க! செய்யாத தப்புக்கு என்னை வேலைய விட்டு அனுப்பப் போறாங்க!”

தொலைபேசியில் அண்ணன் மகள் அழுத அழுகையில் மாமாவுக்கு வாயில் போட்ட கவளம் உள்ளே இறங்கவில்லை. அத்தை மட்டும் நிதானமாகக் கைகழுவிவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரில் நடக்கும் தில்லுமுல்லுகளைக் கண்டுபிடிப்பது அவள் தொழில். அவளுக்குக் கார் ஓட்டுவதும், கேட்காமலே கருத்துச் சொல்வதும் மாமாவின் தொழில்.

அலுவலக வாசலிலேயே பெண் விஷயத்தைக் கொட்டினாள். தீயணைப்பு வண்டி எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் சேரும் என்று சொல்லும் மென்பொருளை அவள்தான் எழுதியிருந்தாள். தீயணைப்பு அதிகாரிகள் இன்று பார்க்க வருகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரோ அதை முழுதாகத் துடைத்துவிட்டார்கள். யார் எதை மாற்றினாலும் பெயரோடு பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில், அழித்தது அவள்தான் என்று இருக்கிறது.

“அழிச்சத திரும்ப எடுக்க முடியாதா?” என்றார் மாமா.

“எடுத்துடலாம் மாமா. கிட்ல பழசு அப்படியே இருக்கும். நீங்க வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்கன்னு நான்தான் முதலாளியம்மா கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ப்ரோக்ராம் திரும்பி வந்துடும். போன பேரு வருமா? நேத்து மேனேஜரோட சண்டை வேற போட்டேன். என் பேரையே சொல்லாம அவரே எல்லாத்தையும் காட்டப் போறாராம். அந்தக் கோவத்துல அழிச்சுட்டேன்னு எல்லாரும் நம்பறாங்க.”

அவள் சாப்பிடப் போனபோது கணினியைப் பூட்டாமல் போயிருந்தாள். அப்போது அந்த மாடியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: மேனேஜரும், ‘தாடி’ என்று எல்லோரும் கூப்பிடும் சக ஊழியனும்.

அத்தை நேராக அவள் கணினி முன் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கறுப்புச் சாளரம் திறந்தே கிடந்தது. தாடியைக் கூப்பிட்டு, அது என்னவென்று கேட்டாள்.

“கிட்டோட நேரடியா பேசற சாளரம்க்கா. வெளியில இருந்து கட்டளை போட்டா ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ‘கிட்’னு சேர்க்கணும். இதுக்குள்ள வந்துட்டா வெறும் கட்டளை போதும். வீட்டுக்குள்ள வந்தவன் ஒவ்வொரு ரூமுக்கும் காலிங்பெல் அடிப்பானா? நான்தான் இத இவளுக்குக் காட்டினேன். ரெண்டு பேரும் இதுலயேதான் குடித்தனம்.”

தாடி போனதும் மாமா காதோடு கிசுகிசுத்தார். “இவன்தான். முழிய பாத்தியா? அசல் திருட்டு முழி!”

“சும்மா இருங்க” என்று அத்தை மேல் அம்புக்குறியைத் தட்டினாள். முன்பு அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கண் ஓரிடத்தில் நின்றது. நீக்கும் கட்டளை இரண்டு தடவை இருந்தது: முதலில் ‘கிட்’ சேர்த்து, பிறகு சேர்க்காமல். பதிவு செய்யும் கட்டளையும் அப்படியே. திரையை மேலே நகர்த்தினால், ‘கிட் என்று ஒரு கட்டளை இல்லை’ என்று கணினி இரண்டு முறை முகத்திலடித்திருந்தது.

அடுத்து மேனேஜர் வந்தார். “கமாண்டா? அதெல்லாம் எனக்குச் சுத்தமா தெரியாதும்மா. ஆளுங்கள மேய்க்கவே நேரம் பத்தல.”

அதற்குள் முதலாளியம்மா பரபரவென்று ஓடிவந்தார். “அதிகாரிங்க வந்துட்டாங்க! கீழ உக்காந்திருக்காங்க. இன்னும் எவ்வளவு நேரம்?”

அத்தை எல்லோரையும் கணினியைச் சுற்றி நிற்கவைத்தாள்.

“தம்பி, பழையத மீட்டுடுங்க. சீக்கிரம்!”

தாடி உட்கார்ந்து, கறுப்புச் சாளரத்தில் மீட்கும் கட்டளையை மளமளவென்று அடித்தான். என்டரைத் தட்ட விரலை ஓங்கினான்.

“டேய், இருடா!” என்று பதறினார் மேனேஜர். “முன்னாடி ‘கிட்’ போடாம அடிச்சா எப்படிடா போகும்?”

தாடி என்டரைத் தட்டினான். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மொத்தமும் திரும்பி வந்தது.

“கமாண்டே தெரியாதவருக்கு முன்னாடி என்ன போடணும்னு மட்டும் தெரிஞ்சிருக்கே சார்” என்றாள் அத்தை. “அழிச்சவரும் இதே மாதிரிதான் ரெண்டு தடவை ‘கிட்’ போட்டு, ரெண்டு தடவையும் திட்டு வாங்கியிருக்கார். இதுக்குள்ளயே குடியிருக்கற இவங்க ரெண்டு பேரும் அந்தத் தப்ப செய்ய மாட்டாங்க. வெளியில இருந்தே கட்டளை போட்டுப் பழகின பழைய கைதான் செய்யும். பழக்க தோஷம் சார், பதட்டத்துல பொத்துக்கிட்டு வந்துடுச்சு.”

மேனேஜர் முகம் பேயறைந்தாற்போல ஆனது. மாமா தாடியைப் பார்த்து அசடு வழிந்தார்.

“வேணும்னு செய்யலம்மா” என்று முதலாளியம்மாவிடம் குழறினார் மேனேஜர். “அவ கம்ப்யூட்டர் திறந்து கிடந்துச்சு, ஒத்திகைக்கு வச்சிருந்தத மட்டும் தூக்கலாம்னு பாத்தேன். எல்லாமே போயிடுச்சு. பயந்துட்டேன். பாத்தா அவ பேரு விழுந்திருந்துச்சு...”

“அவகிட்ட சொல்லுங்க, என்கிட்ட இல்ல” என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் திரும்பினார். அதற்குள் பெண்ணே பேசினாள்.

“தப்பா அழிச்சீங்க, பரவாயில்ல சார், யாருக்கும் நடக்கும். ஆனா மத்தியானத்துல இருந்து நான் அழறத பக்கத்துலயே நின்னு பாத்துட்டு, ‘ஏம்மா இப்படி செஞ்ச?’னு நீங்களே கேட்டீங்களே. அத எந்தக் கமாண்ட் போட்டு நான் மறக்கறது?”

மேனேஜர் தலை கவிழ்ந்தது.

“கீழ யார் காட்டப் போறது?” என்று மாமாதான் அவசரமாகக் கேட்டார்.

“எழுதினவதான்” என்றார் முதலாளியம்மா.

பெண் துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். மாமா ஆர்வம் தாங்காமல் பின்னாலேயே ஓடி, கதவிடுக்கில் காதை வைத்தார்.

“வணக்கம்” என்று தொடங்கி, அவள் தன் பெயரை நிறுத்தி, அழுத்தமாகச் சொன்னாள். “இத எழுதினது நான்தான்.”