வலமிருந்து இடமாக

"ஏங்க... அந்த ஆளு பொண்டாட்டி கோட்டப் போட்டுக்கிட்டா நிக்கிறாரு?"

சுவரில் ஒட்டிய பெரிய புகைப்படத்தின் முன்னால், ஏணியின் ஐந்தாவது படியில் நின்றிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாய்வு பார்க்கக் கையில் வைத்திருந்த ரசமட்டம் நழுவியது. கீழே நின்றவன் அதை லாவகமாகப் பிடித்துக்கொண்டான். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையிலிருந்தும் கொட்டியது... அருங்காட்சியகத்தின் புதுத் தரைமேல்.

"யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"பின்கதவு திறந்திருந்துச்சு. மழைக்கு ஒதுங்கினேன். ரெண்டு தெரு தள்ளி தையல்கடை, நம்மளோடதுதான்."

"வெள்ளிக்கிழமைதான் திறப்பு. இன்னிக்குத் திங்கள். போய்ட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

"போறேன் போறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ஆம்பள கோட்டுல இடது பக்கம்தான் மேல வரும். பொம்பளைக்கு வலது பக்கம். இந்தப் படத்துல வலது பக்கம் மேல ஏறியிருக்கு, மேல்பையும் வலது நெஞ்சுல இருக்கு. ஒருத்தர்னா அவசரத்துல பொண்டாட்டி கோட்ட மாட்டிக்கிட்டு வந்துட்டாருன்னு வச்சுக்கலாம். ஏழு பேருமாங்க?"

அவன் கண்ணில் சிரிப்பு துள்ளியது. நனைந்த இமைகளுக்கு நடுவே அந்தக் கண்கள் பளிச்சென்று... சே, இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறேன் என்று அவளுக்கே எரிச்சல் வந்தது.

"இது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின படம். அப்ப அப்படித்தான் தைச்சிருப்பாங்க."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்! இந்தப் படத்துக்கு லேபிள் எழுதினவ சொல்றேன். கதவு அந்தப் பக்கம்."

அவன் ரசமட்டத்தை ஏணிப் படியில் பதமாக வைத்தான். போகிற போக்கில் திரும்பி, "ஆறாவதா நிக்கிறவரு தச்சர் இல்லீங்க. அவரு கோட்டுல மட்டும்தான் தோள்ல ஒரு சுருக்கம்கூட இல்ல. அவருதான் தையல்காரர்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

திமிர் பிடித்தவன்!

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் 'லேபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். காட்சிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பக்கத்தில் வைக்கும் விவர அட்டையை எழுதுவது அவள்தான். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை திறப்புவிழாவுக்கு நிர்வாகக் குழு வருகிறது. கண்காட்சி நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் கண்காட்சி முழுக்க முழுக்க அவள் கைவேலை. அதில் எவனோ வந்து நொட்டை சொல்வதா?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. காப்பாளர் அறைக்குப் போனாள். அந்த அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான பெரியவர் அவர். ஆணியில் அவர் கோட்டு தொங்கியது. பார்த்தாள். இடதுதான் மேலே. படத்தின் சிறிய நகலை எடுத்துக்கொண்டு கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் ஏழு கோட்டுகளும் சரியாக இருந்தன.

அப்படியென்றால் படம்தான் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது!

பழைய ஸ்டுடியோ குடும்பம் ஒன்று ஒரு மாதத்துக்குக் கடன் கொடுத்த கண்ணாடித் தகடுகளிலிருந்து எடுத்த படங்கள் இவை. தகட்டில் மருந்து பூசிய பக்கம் எது என்று பார்த்து ஸ்கேனரில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் படம் இடம் வலமாகிவிடும். கடைப்பலகையோ தெருப்பெயரோ தெரிகிற படங்களில் எழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது, அவளும் அப்போதே திருத்திவிட்டாள். எழுத்தே இல்லாத படங்கள்? தகடுகள் எப்போதோ திரும்பிப் போய்விட்டன. அந்தக் குடும்பம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறதோ!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் அச்சடித்து நடுச்சுவரில் ஒட்டிய அந்தப் பெரிய படம், கடைத்தெருச் சங்கத்தின் முதல் ஏழு பேர். 'இடமிருந்து வலம்' என்று ஸ்டுடியோக் குறிப்பேட்டில் இருந்த வரிசைப்படி பெயர் போட்டிருந்தாள். படம் திரும்பியிருந்தால் வரிசையும் திரும்பிவிடும். பேக்கரிக்காரர் முடிதிருத்துபவராகிவிட்டார், தையல்காரர் தச்சராகிவிட்டார். நட்டநடுவில் நின்ற தபால் அதிகாரி மட்டும் தப்பித்தார். அவரவர் கொள்ளுத்தாத்தாவைப் பார்க்க ஏழு குடும்பங்கள் வெள்ளிக்கிழமை வரப்போகின்றன. யாரோ ஒருவரைப் பார்த்து உருகிவிட்டுப் போவார்கள்.

விடமாட்டேன், என்று பல்லைக் கடித்தாள். நான்கு நாள் இருக்கிறது.

மறுநாள் காலை தையல்கடை வாசலில் போய் நின்றாள். வெட்டுமேஜையில் சாக்கட்டியும் கையுமாக ஒரு பெண். அவனுடைய அக்கா என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

"டேய், யாரோ வந்திருக்காங்க. கோபமா வந்திருக்காங்க... ஆனா லட்சணமாத்தான் இருக்காங்க!"

அவன் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினான். அளவுநாடா கழுத்தில் தொங்கியது. "அளவு எடுக்கணுங்களா?"

"இல்ல... வந்து... தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியும் இடதுதான் மேல."

"யாரு சொன்னா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க."

அக்கா களுக்கென்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, எழுந்து சட்டையை உதறிக்கொண்டான். "எத்தன படம்?"

"எழுத்தில்லாதது இருபத்தஞ்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எது திரும்பியிருக்குன்னு தெரியணும். உங்களுக்கு வேல கெடும்னா..."

"கெடட்டும் விடும்மா," என்றாள் அக்கா. "இவன் இங்க இருந்தா மட்டும் என்ன, பேசியே பாதி நாளப் போக்கிடுவான். கூட்டிட்டுப் போ!"

இரண்டு நாள். பின்னறையில் ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எண். நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேஜை. வந்ததும் வராததுமாக அவன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவள் பாய்ந்து பிடுங்கினாள்.

"பேனா கூடவே கூடாது! இங்க பென்சில் மட்டும்தான்."

"ஏன், பேனா கடிக்குமா?"

"மை பட்டா போகாதுங்க. இந்தாங்க, கையுறை போடுங்க."

அவன் வெள்ளைக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத எந்தப் புண்ணியவான் தைச்சது? கட்டைவிரல கண்ட இடத்துல வச்சிருக்கான்."

"நொட்டை சொல்லாம உங்களால ஒரு நிமிஷம் இருக்க முடியாதா?"

"முடியும்... ஆனா நீங்க என்னத் திட்டமாட்டீங்களே."

அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். காது சூடாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் ஆள் புலி. "கைக்கடிகாரத்த நம்பாதீங்க. சில பேரு வலது கையிலயும் கட்டுவாங்க. பொத்தானப் பாருங்க, பையப் பாருங்க," என்பான். மணிக்கணக்கில் பூதக்கண்ணாடியும் கையுமாகக் கிடப்பான். அவன் சொல்லச் சொல்ல அவள் படத்தின் பின்பக்கம் பென்சிலால் குறித்தாள். ஒருமுறை இருவரும் ஒரே படத்துக்குக் குனிந்தார்கள். அடியிலிருந்து வந்த வெளிச்சம் அவள் கண்ணில் ஏறியது. அவன் பேச்சு பாதியில் நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல... பொத்தான எண்ணிட்டிருந்தேன்."

"இந்தப் படத்துல மனுசங்களே இல்லீங்க. வெறும் பாலம்."

அப்படிச் சிரித்து அவளுக்கு எத்தனை மாதமாயிற்றோ!

ஒன்பது படங்கள் திரும்பியிருந்தன. அதில் எட்டு சின்னவை, வியாழன் காலையே மறுபடி அச்சாகி வந்துவிட்டன. பெரியதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தனை பெரிதாக அச்சடிக்க ஒரு வாரம் ஆகும் என்று அச்சகத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

வியாழன் மதியம் காப்பாளர் வந்து எட்டு படங்களையும் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளம்மா... மானம் தப்பிச்சுது. இத எப்படிக் கண்டுபிடிச்சே?"

எப்படி என்று கேட்டதும் அவளுக்கு நாளைய குழு ஞாபகத்துக்கு வந்தது. நிரந்தர வேலை ஞாபகத்துக்கு வந்தது. தெருவில் போகிற ஒருவன் வந்து சொல்லித்தான் தெரிந்தது என்றால்...

"நானேதான் சார். கண்ணாடியில வச்சுப் பாத்தேன்."

பின்னால் பீங்கான் சத்தம் கேட்டது. திரும்பினாள். இரண்டு டீக் கோப்பைகளோடு அவன் அலமாரி ஓரம் நின்றிருந்தான். ஒரு கோப்பையை அவள் மேஜையில் வைத்தான். கையுறையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தான். "வர்றேங்க," என்றான். ஒரு கேலி இல்லை, ஒரு கிண்டல் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

காப்பாளர் எதையும் கவனிக்கவில்லை. "பெரிய படத்துக்கு ஒரு வழி இருக்கும்மா. 'இடமிருந்து வலம்'ங்கிறத 'வலமிருந்து இடம்'னு மாத்திடு. பேரு சரியாப் போயிடும். கோட்ட யாரு பாக்கப்போறா? கமுக்கமா முடிச்சிடுவோம்."

அவள் தலையாட்டினாள். டீ ஆறிப்போயிற்று. இப்படியும் ஒரு அற்பத்தனம் எனக்குள் இருந்ததா? அவன் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேலை போனால் இன்னொன்று தேடலாம், இவன் போனால்... அந்த நினைப்பு வந்ததும் அவளே திடுக்கிட்டாள். சரிதான், விஷயம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா!

சாயங்காலம் நேரே கடைக்குப் போனாள்.

"உள்ளதான் இருக்கான்," என்றாள் அக்கா. "இல்லேன்னு சொல்லச் சொன்னான். எனக்குப் பொய் வராதும்மா."

திரைக்குப் பின்னால் மெஷின் கடகடவென்று ஓடியது. அவள் அந்தத் திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பு. அவர வரச் சொல்லுங்க. நான் செஞ்சது தப்பு. அத மூலையில நின்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல. எங்க சொல்லணுமோ அங்க சொல்றேன்."

மெஷின் நின்றது. அவள் திரும்பி நடந்தாள்.

வெள்ளி காலை ஒன்பதே முக்காலுக்குக் காப்பாளர் பெரிய படத்தின் பக்கத்தில் புது அட்டையைப் பார்த்தார். படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா இது! கிழி அத!"

"மாட்டேன் சார்."

"குழு வந்துட்டே இருக்கு. உன் வேலைக்கு நீயே உலை வைக்கிறியா?"

"தெரியும் சார். இருக்கட்டும்."

அட்டைக்கு முன்னாலிருந்து அவள் நகரவில்லை. கதவு திறந்தது. ஏழு குடும்பங்களும் திபுதிபுவென்று உள்ளே வந்தன. குழுத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முப்பத்தைந்து வருடம் சிவப்பு மையோடு வாழ்ந்தவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வகுப்பில் படிக்கிற மாதிரி அட்டையை உரக்கப் படித்தார்.

"'இந்தப் படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்தது நான். இந்தத் தவறைக் கண்டுபிடித்தவர், மழைக்கு இங்கே ஒதுங்கிய ஒரு தையல்காரர். அவரை வெளியே போகச் சொன்னதும், அவர் உழைப்பை என்னுடையது என்று சொன்னதும் நான்தான். பெயர்களை வலமிருந்து இடமாகப் படிக்கவும். இப்படிக்கு, லேபிள் எழுதியவள்.'"

தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதினது நீயா?"

"ஆமாங்க, டீச்சர்." அவளை அறியாமல் அப்படித்தான் வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் பிழை திருத்தினேன். எம் பிழைன்னு தானா எந்திரிச்சு நின்ன ஆள இன்னிக்குத்தான் பாக்கிறேன்." காப்பாளர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணோட நிரந்தர வேலை உத்தரவு எங்க? கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்."

"நான்தான் மேடம் எழுதச் சொன்னேன்," என்றார் காப்பாளர், கொஞ்சமும் கூசாமல்.

யாரோ சிரித்தார்கள். அதற்குள் ஏழு குடும்பங்களும் படத்தின் முன்னால் முட்டி மோதிக்கொண்டிருந்தன. தச்சர் குடும்பத்து ஆள்கள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். தன் கோட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார் ஒருவர். கூட்டத்தின் கடைசியில் அக்கா எக்கி எக்கிக் கையாட்டினாள். அவளுக்குப் பக்கத்தில்... அவன்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "கொஞ்சம் வாங்க," என்று அவனைப் பின்னறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். எண் போட்ட பெட்டிகள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தன.

"படிச்சீங்களா?"

"மூணு தரம்." அவன் கதவில் சாய்ந்துகொண்டான். "இவ்வளவு தூரம் போயிருக்க வேணாங்க. வேலையே போயிருக்கும்."

"போயிருந்தா போயிருக்கட்டும். அட்டையில எழுதாத ஒண்ணு பாக்கியிருக்கு. அது ஊருக்கு இல்ல, உங்களுக்கு." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். கண்ணைத் தாழ்த்தவில்லை, அவன் கண்ணையே நேராகப் பார்த்தாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல தப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க... ஆனா திருத்திக்க மாட்டேன்."

அவன் நெற்றியைத் தடவினான், கழுத்தைத் தடவினான், இல்லாத அளவுநாடாவைத் தேடினான்.

"ஏங்க, பதிலக் காணோம்?"

"இருங்க... ரெண்டு நாளா சொல்றதுக்கு வார்த்த தேடிட்டிருந்தேன். நீங்க பொட்டுனு போட்டு உடைச்சிட்டீங்க." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தான். "எனக்கும் உங்களத்தாங்க பிடிச்சிருக்கு. திட்டுறப்பவும் பிடிச்சிருக்கு, சிரிக்கிறப்பவும் பிடிச்சிருக்கு. நேத்து கோபத்துல கடைக்குப் போனேன்ல... அப்பவும் பிடிச்சுத்தாங்க இருந்துச்சு."