நடு அறையைக் காலி செய்தவள்

நடு அறையின் தாழ்ப்பாள் அசையவில்லை. தங்கை எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள், துருவும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்து யாரோ கதவில் சாய்ந்துகொண்டிருப்பதைப் போல அது இறுகிக் கிடந்தது.

"உள்ளேர்ந்து சாமான் அழுத்துதும்மா," என்றார் பழைய சாமான்காரர். "பேத்து எடுத்தாத்தான் உண்டு."

"எடுங்க. அதையும் இரும்போட போட்டுக்குங்க."

அது அக்காவின் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மா போன பிறகு தனியாக இருந்து, தெருவில் யார் எதைக் கழித்துப் போட்டாலும் இழுத்து வந்து அடைத்துக்கொண்ட அக்கா. போன வாரம் இந்தக் கதவருகே ஸ்டூலில் ஏறி இன்னொரு பெட்டியை அடுக்கப் போய் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு, இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடைந்த இடுப்போடு தவழ்ந்து கதவைச் சாத்தி, எட்டித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாளாம். அதைக் கேட்டபோது தங்கை சிரித்துவிட்டாள்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு ஃபிரேம் இடம் மாறியிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைத் துடைத்து வைத்தாற்போல ஆக்கி விற்றுவிட வேண்டும் என்று வந்திருந்தாள். ஹாலும் சமையலறையும் காலையிலேயே காலியாகிவிட்டன. அக்கா போனில் கெஞ்சினாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோடி. நடு ரூமை மட்டும் விட்டுடு."

"ஏன், தங்கம் புதைச்சு வெச்சிருக்கியா?"

"கனமானதையாவது விட்டு வை. அந்த பீரோவையாவது."

"அக்கா, நீ இனிமே நடக்கவே போறதில்ல. உனக்கு எதுக்கு பீரோ?"

அக்கா போனை வைத்துவிட்டாள். தங்கைக்கு அது பிடித்திருந்தது.

தாழ்ப்பாள் பெயர்ந்ததும் கதவு தானாகவே ஹாலுக்குள் திறந்துகொண்டது. தரையிலிருந்து கூரை வரை மெத்தைகளும் மூட்டைகளும் இரும்புப் பெட்டிகளும் விரல் நுழைய இடமில்லாமல் அடைந்திருந்தன. ஈரத்துணியும் பழைய தலையணை எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது; அதற்கும் அடியில் இன்னொரு வாசனை, காய்ச்சல்காரர் படுத்து எழுந்த படுக்கையின் வெதுவெதுப்பான வாசனை. ஒரு மூட்டையை உருவினால் அடுத்தது சரியவில்லை, அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து நின்றது.

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. முதலில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த சாமான்காரர், உள்ளே போகப் போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசி மெத்தையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர்ப் பக்கம் இருந்த பஞ்சு தோள் அகலத்துக்குக் குழிந்து, தேய்ந்து பளபளத்தது. பீரோவின் முதுகுத் தகடும் அதே மாதிரி உள்வாங்கியிருந்தது.

"யாரோ முதுகை வெச்சு நெட்டித் தள்ளின மாதிரி இருக்கும்மா."

"எலியா இருக்கும்."

"எலிக்கு இம்மாம் பெரிய முதுகா?"

அதற்குமேல் அவர் பேரம்கூடப் பேசவில்லை. பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் கொடுத்தும் வாங்காமல் கிளம்பிப் போனார்.

தங்கை வெறும் அறையைப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத நாலு சுவர். அவ்வளவுதான். இத்தனை வருஷ அடைசலுக்கு நடுவில், பின்சுவரை ஒட்டி ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்குத் தரையில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, எதிரொலிக்கும் ஹாலைக் கடந்து வாசல் பக்கம் நடந்தாள்.

பின்னால் கதவு திறந்துகொண்டது.

திரும்பி வந்து சாத்தினாள். மெல்லத் திறந்தது. காற்று என்று நினைத்தாள், ஆனால் வெளியே ஓர் இலை அசையவில்லை. மறுபடி சாத்திக் கையை வைத்து அழுத்தினாள். கதவும் அவளை அழுத்தியது. வேகமாக அல்ல. நிதானமாக. எத்தனை பலம் இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பதைப் போல.

முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, காலை ஊன்றி உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"காலி பண்ணிட்டியா?" என்றாள் அக்கா.

"அக்கா... உள்ளே என்ன இருக்கு?"

"தெரியாது. நான் பார்த்ததில்ல. நீ எங்க உக்காந்திருக்க?"

"கதவுல சாஞ்சு."

"ம். அம்மாவும் அங்கதான் உக்காந்திருந்தா. செத்தப்போ ஏன் அந்தக் கதவுகிட்டயே கிடந்தான்னு நீ கேக்கவே இல்லையே."

"முட்டுக் குடுக்க ஏதாவது வேணும்க்கா. ஏதாவது சொல்லு!"

சொல்லும்போதே ஹாலைப் பார்த்தாள். கழுவிவிட்ட தரை. வெறும் சுவர்கள். ஒரு நாற்காலி இல்லை. ஒரு செங்கல் இல்லை.

"நான் ஓடிடறேன்."

"ஓடு. பின்னாடியே வரும். உன் வீட்டுல பொண்ணு இருக்கா இல்ல?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு பெரிய பாரம் இறங்கியதைப் போல அது தளர்ந்திருந்தது. "அதான் நான் கல்யாணமே பண்ணிக்கல. சரிடி. எனக்குத் தூக்கம் வருது. எத்தனை வருஷமாச்சு தூங்கி."

"அக்கா! வெச்சுடாத!"

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. போன் அணைக்கப்பட்டிருந்தது.

வெளியே பொழுது சாய்ந்தது. ஹாலின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. முதுகுக்குப் பின்னால் அழுத்தம் நின்றுபோயிருந்தது. அவள் மூச்சைப் பிடித்தாள். உற்றுக் கேட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று உட்கார்ந்தது.

முதுகோடு முதுகாக. பலகையின் வழியே சூடு வந்தது. அவள் மூச்சு விட்டபோது அதுவும் விட்டது. அவள் அழுதாள். அது அசையாமல் இருந்தது.

பிறகு அது எழத் தொடங்கியது.

மரத்தில் உரசிக்கொண்டே. மெதுவாக. அவளுடைய தோள்களைத் தாண்டி. தலையைத் தாண்டி. கதவின் உச்சியைத் தாண்டி. அங்கும் நிற்கவில்லை. சுவரில் உரசியது. கூரையில் உரசியது. இன்னும் எழுந்துகொண்டே இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது.