கியர்பெட்டிக்குள் சிக்கிய காற்று

மேலப்பாளையம் நூர்முகம்மதுவிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய கார். சுற்றுவட்டாரத்துக் கல்யாண மாப்பிள்ளைகள் அதில்தான் ஊர்வலம் போவார்கள்.

இப்போது அதன் கியர்பெட்டியிலிருந்து எண்ணெய் ஒழுகியது. ஒரு கல்யாண வீட்டு வாசலில் விரித்திருந்த கம்பளமே பாழாகிவிட்டது.

கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பெட்டியைக் கழற்றி மாட்டியவர் மெக்கானிக் இசக்கிமுருகன். நூர்முகம்மதுவோடு ஒன்றாகப் படித்தவர். அதற்குப் பிறகுதான் ஒழுகல் தொடங்கியது. எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். ஒழுகல் நிற்கவில்லை.

நூர்முகம்மது பட்டறை வாசலில் நின்று தெருவே கேட்க ஏசினார்.

"வேல தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுத்தது என் தப்பு. யாரும் இங்கன வண்டிய விட்டுராதீங்கவே."

கூட வந்திருந்த நூர்முகம்மதுவின் பத்து வயது மகள் இஷ்ரத்துக்கு இசக்கிமுருகன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் பட்டறைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை.

சனிக்கிழமை, அம்பாசமுத்திரம் போய் வந்த காரைத் தானே சரிசெய்யப் பார்த்தார் நூர்முகம்மது. கியர்பெட்டிக்கு எண்ணெய் ஊற்றும் திருகுமூடியைக் கழற்றியதும் 'புஸ்' என்று காற்று சீறியது.

"வாப்பா, ஏன் காத்து வருது?" என்று கேட்டாள் இஷ்ரத்.

"ஓடுன சூடு."

"அப்போ அது வெளிய போக வழி வேண்டாமா? குக்கர்ல விசில் அடைச்சுக்கிட்டா ஓரமெல்லாம் வடியுதுல்லா, அது மாதிரி."

கார் ஆறிய பிறகு, வாப்பா உள்ளே தரைத் தகட்டைக் கழற்றினார். கியர்பெட்டியின் மேலே குமிழ் போல ஒரு சின்ன மூடி இருந்தது. காற்று போக அதில் ஒரு துளை இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளி நிறப் பெயிண்ட் அதை அடைத்திருந்தது.

கிளட்ச் மாற்றிய அன்று இசக்கிமுருகன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பெயிண்டை அடித்தவர் வாப்பாதான். டப்பாவைப் பிடித்திருந்தவள் இஷ்ரத்.

ஊசியால் குத்தித் துளையைத் திறந்தாள் அவள். மறுநாள் அறுபது கிலோமீட்டர் ஓடியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இசக்கிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் பொறவு பேசிக்கிடுதேன்" என்றார் வாப்பா.

நான்கு நாள் ஆகியும் அவர் பேசவில்லை.

"தெருவுல நின்னுல்லா ஏசுனீங்க, வாப்பா. அங்கனயே நின்னு சொல்லுங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்லுதேன்."

"வாய மூடு."

இஷ்ரத் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வாப்பா வந்துகொண்டிருந்தார்.

பட்டறை வாசலில் அவர் தொண்டையைச் செருமினார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இசக்கி வேலையில குத்தமில்ல. பெயிண்ட அடிச்சு ஓட்டைய அடைச்சது நாந்தான். தெரிஞ்ச பொறவும் நாலு நாள் வாயத் தொறக்கல."

இசக்கிமுருகன் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"சொன்னது நல்லது, நூரு. ஆனா அந்தக் கார இனி நான் தொட மாட்டேன்."

வாப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். இஷ்ரத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை.

டீக்கடையில் இருந்த பால்வண்டிக்காரர் மட்டும் எழுந்து, தன் வேனைப் பட்டறைப் பக்கம் திருப்பினார்.