வாட்டல் தெருவின் காலிமனை

ஜூன் மாதக் குளிரில் கைகளைத் தேய்த்தபடி வந்து உட்கார்ந்தாள் வின்னி டிரெம்பாத். முன்பக்கம் பொத்தானும் நாடாவும் விற்கும் கடை, பின்பக்கம் வீடு என்று முப்பத்தொரு வருடமாக ஒரே வாடகைக் கட்டிடத்தில் இருப்பவள்.

"இடிச்சிட்டு கார் நிறுத்துற இடமாக்கப் போறாங்க ஐலா. விக்டோரியா ராணி காலத்துக் கட்டிடம், யாரும் தொட முடியாதுன்னு தைரியமா இருந்தேன். 1901-ல ராணி செத்தப்புறம் கட்டினதுன்னு நிபுணர் எழுதிட்டார். நாளைக்கு நகரசபையில முடிவு."

துப்பறிவாளர் ஐலா மக்ரெடி, வின்னி நீட்டிய புகைப்படப் பிரதியை வாங்கினாள். 'வாட்டல் தெரு, ஜூன் 1900, நண்பகல்' என்று பின்னால் எழுதியிருந்தது. கிழக்கு மேற்காக ஓடும் தெரு. இடதுபுறம் இடைவெளியே இல்லாமல் கடைகள். வலதுபுறம் நடுவில் ஒரு காலிமனை. தாழ்வாரத் தூண்களின் நிழல்கள் வலதுபக்கம் நீண்டிருந்தன. பெயர்ப்பலகை ஒன்றும் படிக்கும்படி இல்லை. தெருக்கோடியில் வெறும் வானம்.

"அந்தக் காலிமனை என் கடை இருக்கிற இடமாம். ராணி சாகறதுக்கு ஏழு மாசம் முன்னாடி கூட காலியா கிடந்ததாம்."

"போலிப் படம்," என்றான் ஐலாவின் உதவியாளன் பார்னி. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். உலகத்தில் பாதி பேரையாவது சந்தேகிக்காமல் அவனுக்குத் தேநீர் இறங்காது. "வீட்டுக்காரன் ஹார்க்னஸ் வேலை."

"நூலகத்துல நூறு வருஷமா இருக்கிற படம் பார்னி. ஹார்க்னஸோட அப்பாவே அப்போ பிறக்கலை." ஐலா வின்னியிடம் திரும்பினாள். "உங்க கடைல வெயில் எங்கே படும்?"

"கொல்லைப்பக்கம்தான். முன்னாடி குளிர்காலம் முழுக்க நிழல். ஜன்னல்ல வெச்ச நாடா வெளுக்கறதே இல்லை."

வெயிலுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பார்னிக்குப் புரியவில்லை. ஐலாவோ நிம்மதியாகத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் நகரசபைக் கூடத்தில் ஹார்க்னஸ் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வின்னியின் விரல்கள் கைப்பையைத் திருகிக்கொண்டே இருந்தன.

"நிழலின் திசைப்படி என்று ஒரே வரி எழுதியிருக்கீங்க. கொஞ்சம் விளக்குங்களேன்," என்றாள் ஐலா நிபுணரிடம்.

நிபுணர் பெல்லம் லண்டனிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. மலர்ந்த முகத்துடன் எழுந்தார். "சுலபம் அம்மா. நண்பகல்ல நிழல் வடக்கே விழும். படத்துல வலதுபக்கம் விழுது. அப்போ வலதுபுறம் வடக்கு. இவங்க கடை தெருவுக்கு வடக்குப் பக்கம். ஆக, காலிமனை அதுதான்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

"மணி பன்னிரண்டாகுது. எல்லாரும் வெளியே வாங்க," என்றாள் ஐலா.

கூடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த வாட்டல் தெருவில் குளிர்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வின்னியின் கடையின் நிழல் தெருவுக்குள், தெற்கு நோக்கி நீண்டு கிடந்தது. பெல்லம் தன் நிழலையும் பார்த்தார். அதுவும் தெற்கே கிடந்தது.

"லண்டன்ல சூரியன் தெற்கே நிக்கும் சார். ஆஸ்திரேலியாவுல வடக்கே," என்றாள் ஐலா மெதுவாக. "அதனாலதான் தெற்கு பார்த்த இவங்க ஜன்னல்ல நாடா வெளுக்கலை. படத்துல நிழல் விழற வலதுபுறம்தான் தெற்கு. காலிமனை எதிர்ப்பக்கம், பெட்ரோல் பங்க் இருக்கிற இடம். படத்துல இடதுபுறம் நடுவுல ரெட்டைப் புகைபோக்கியோட ஒரு கட்டிடம் நிக்குது பாருங்க."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வின்னியின் கூரைமேல் இரண்டு புகைபோக்கிகள். தெருவில் வேறெந்தக் கட்டிடத்துக்கும் இரண்டு இல்லை.

"நான் வேணும்னு எழுதலை," என்றார் பெல்லம், காது சிவந்து.

"தெரியும் சார். பிறந்ததுலேர்ந்து பார்த்த சூரியனை யார் சந்தேகப்படுவா?"

நகரசபைத் தலைவர் தொண்டையைச் செருமினார். "பாதுகாக்கப்பட்ட கட்டிடம். இனி இதுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எங்க அனுமதி வேணும், ஹார்க்னஸ்."

ஹார்க்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வின்னி பூட்டிய தன் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"என் படுக்கைக்கு மேலே ஏழு வருஷமா ஒழுகுது," என்றாள். "அதை யார்கிட்ட கேக்கணும்?"

"வீட்டுக்காரர்கிட்ட. பழுது பார்க்கறது இனி சட்டப்படி அவர் கடமை," என்றார் தலைவர்.

தெருவே சிரித்தது. வின்னி கதவைத் திறந்து, ஹார்க்னஸிடம் மரியாதையாகச் சொன்னாள்: "உள்ளே வாங்க. வாளி வெச்சிருக்கிற இடத்தைக் காட்டறேன்."